சித்திரை முதல் ஆனி வரை: ராமநாதபுரம் கடலோர வீட்டிற்கான கோடைக்கால உணவு, மளிகை வழிகாட்டி

ராமநாதபுரம் கடற்கரையில் பங்குனி முடிவதற்குள்ளேயே கோடை அடுப்படிக்குள் வந்துவிடும். காலையில் காய்ச்சிய பால் மதியத்திற்குள் திரிந்துபோகிறது. இரவு ஆட்டி வைத்த மாவு விடிவதற்குள் பொங்கி வழிந்து, காலையில் இட்லி புளிக்கிறது. நறுக்கி வைத்த மீனுக்கு ஒரு மணி நேரம்கூடத் தவணை கிடையாது. ஆனால் அதே வெயில்தான் மாடியில் விரித்த மிளகாயை நான்கு நாளில் கலகலவென்று உலர்த்தித் தருகிறது, உப்பளத்தில் உப்பை விளைவிக்கிறது, கருவாட்டைக் காயவைக்கிறது. இங்குள்ள பெரியவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தே கோடைக்கான கொள்முதலை வகுத்திருக்கிறார்கள். ஈரமுள்ள பொருளை அன்றைக்கு வேண்டிய அளவே வாங்க வேண்டும். காய்ந்த பொருளை இந்த மூன்று மாதங்களில் ஓராண்டுக்கும் சேர்த்து வாங்கி வைத்துவிட வேண்டும். உச்சிப்புளிப் பக்கம் ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு நான் பல ஆண்டுகளாக இந்த முறையில்தான் சமைத்து வருகிறேன். என் மாமியாரிடம் கற்றதையும் நானே தவறு செய்து தெரிந்துகொண்டதையும் சேர்த்து, எந்த வரிசையில் செய்கிறேனோ அந்த வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

கோடைக்கான மளிகைப் பட்டியலை எழுதுவதற்கு முன் மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது. மீன் இனப்பெருக்கத்திற்காக விதிக்கப்படும் இந்தத் தடை 2017க்கு முன் 45 நாட்களாக இருந்தது. மே 4ஆம் தேதியையொட்டி அக்னி நட்சத்திரம் தொடங்கி, மே 28 வாக்கில் முடிகிறது. மூன்றாவது, பள்ளி விடுமுறை தொடங்கும் நாள். பிள்ளைகள் நாள் முழுவதும் வீட்டில் இருப்பதாலும் வெளியூரிலிருந்து உறவினர்கள் வருவதாலும் மே மாதத்தில் எங்கள் வீட்டில் அரிசியும் பாலும் மற்ற மாதங்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு செலவாகின்றன. நியாயவிலைக் கடையில் துவரம் பருப்பும் பாமாயிலும் வந்த நாளிலேயே வாங்கிவிடுவது, கடைசி வாரத்தில் வெயிலில் இரண்டு முறை நடப்பதைத் தவிர்க்கும்.

தண்ணீர்

மளிகைக்கு முன் தண்ணீரைப் பற்றி முடிவு செய்ய வேண்டிய ஊர் இது. கடலோரத்தில் பெரும்பாலான கிணறும் ஆழ்துளைக் குழாயும் உவர் நீரையே தருகின்றன. காவிரிக் குடிநீர் வரும் தெருக்களிலும் கோடையில் முறை வைத்தே வருகிறது. எனவே நாங்கள் நல்ல தண்ணீர்க் குடம், உவர் தண்ணீர்க் குடம் என்று இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறோம். அரிசியையும் காய்கறியையும் முதல் முறை கழுவுவதற்கு உவர் நீரைப் பயன்படுத்தலாம். கடைசி அலசலுக்கும், உலை வைப்பதற்கும், பருப்பு வேகவைப்பதற்கும், மோர் கரைப்பதற்கும் நல்ல தண்ணீரே வேண்டும். கடின நீரில் பருப்பு மணிக்கணக்கில் கொதித்தாலும் மலராது; அந்த நேரத்தில் செலவாகும் எரிவாயுவைக் கணக்கிட்டால் ஒரு குடம் தண்ணீரை விலைக்கு வாங்குவதே சிக்கனம். குடிநீரை மண்பானையில் ஊற்றிச் சிறிது வெட்டிவேர் போட்டு, பானைக்கு அடியில் மணல் பரப்பி, மணலை ஈரமாக வைத்திருங்கள். வாரம் ஒரு முறை பானையை உள்ளே தேய்த்துக் கழுவி ஒரு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தால் வழவழப்பு பிடிக்காது.

ஆண்டுக்கான கொள்முதல்: மிளகாய், புளி, பருப்பு, உப்பு

இந்த மாவட்டத்தில் வாழ்பவர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி முண்டு மிளகாய். கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, ஆர்.எஸ்.மங்கலம் பகுதிகளில் மானாவாரியாக விளையும் இந்த உருண்டை மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்த செடியில் தை, மாசியில் பழம் பறிக்கத் தொடங்கி, சித்திரை வரை பறிப்பார்கள். முதல் பறிப்புக் காய் நன்றாக உருண்டு, தோல் தடித்து, அடர்ந்த சிவப்பாக இருக்கும்; கடைசிப் பறிப்பு சிறுத்துப்போய், வெளிறிய சோடைக் காய் கலந்து வரும். ஆகவே பங்குனிக்குள் வாங்கிவிடுவதே நல்லது.

வாங்கும்போது மூட்டையின் மேற்பகுதியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கையை முழங்கை வரை உள்ளே விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி எடுங்கள். எடை கூடுவதற்காகத் தண்ணீர் தெளித்திருந்தால் நடுவில் இருக்கும் காய் மெத்தென்று இருக்கும், கையில் குளிர்ச்சி தட்டும். நன்கு காய்ந்த முண்டு மிளகாயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே விதை உருளும் ஓசை கேட்கும், காம்பு ஒட்டியிருக்கும், தோல் பளபளக்கும். ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் பூசணம் படிந்திருந்தால் அந்த மூட்டையே வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பூசணத்தின் நஞ்சு வறுத்தாலும் அரைத்தாலும் முழுமையாகப் போவதில்லை.

எங்கள் வீட்டிற்கு ஆண்டுக்கு 4 கிலோ மிளகாயும் 8 கிலோ மல்லியும் போதுமானவை. வாங்கி வந்த மிளகாயை நான்கு வெயில் காயவைத்து, காம்பு கிள்ளி, மல்லி, மஞ்சள், சீரகம், மிளகு சேர்த்துக் குழம்புத்தூளாக அரைக்கிறோம். ஆலையிலிருந்து வரும் தூள் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி பிடிக்கும். செய்தித்தாளில் பரப்பி, முழுவதும் ஆறிய பிறகே அடைக்க வேண்டும். ஆண்டுத் தேவை முழுவதையும் ஒரே முறை அரைக்காமல் மூன்று பங்காகப் பிரித்து அரைப்பது என் வழக்கம். கடற்காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால், எட்டு மாதம் கிடந்த தூளில் காரம் இருக்கும், மணம் இருக்காது.

புளிக்கும் இதுதான் பருவம். மாசி, பங்குனியில் உலுக்கிய புதுப்புளி சித்திரையில் சந்தைக்கு வருகிறது. புதுப்புளி செம்பழுப்பாகவும் பழைய புளி கறுத்தும் இருக்கும். கொட்டை நீக்கி, நார் எடுத்து, இரண்டு வெயில் காட்டி, ஒரு கை புளிக்கு ஒரு சிட்டிகை கல்லுப்பு என்று அடுக்கடுக்காக மண்சாடியில் அமுக்கி, வாயைத் துணியால் கட்டி வையுங்கள். துவரையையும் உளுந்தையும் வெயிலில் காட்டி, சூடு தணிந்த பின் காய்ந்த வேப்பிலையோ நான்கைந்து மிளகாய் வற்றலோ போட்டு அடைத்தால் வண்டு வருவது பெரிதும் குறையும்.

உப்பைப் பொறுத்தவரை வாலிநோக்கம் உப்பளமே நமக்கு அருகில் இருக்கிறது. ஊறுகாய்க்கும் வற்றலுக்கும் கல்லுப்பு ஏற்றது. அன்றாடச் சமையலுக்கு மட்டும் அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்துங்கள். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அயோடின் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டு அதை விட்டுவிட வேண்டாம்.

தடைக்காலத்தில் மீன்

வெளியூர்க்காரர்கள் கடலோர மக்களுக்கு ஆண்டு முழுவதும் மீன் மலிவு என்று நினைக்கிறார்கள். தடைக்காலத்தில் வஞ்சிரமும் இறாலும் எங்களுக்கும் எட்டாத விலைக்குப் போய்விடும். அந்த 61 நாட்களில் மீனை நான்கு வழிகளில் சமாளிக்கலாம்.

முதல் வழி நாட்டுப்படகு மீன். தடை விசைப்படகுகளுக்கே; நாட்டுப்படகுகளும் கரைவலையும் இயங்கும். இந்தக் கரையில் இரண்டு கடல்கள் உள்ளன. பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தைத் தென்கடல் என்றும் சொல்கிறோம். வைகாசியில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுத்துவிட்டால் தென்கடல் குமுறும், வடகடல் ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும். ஆகையால் எந்தக் கரையில் மீன் இறங்கும் என்பதைக் காற்றைப் பார்த்து ஊகித்துக்கொண்டு போவது வீண் நடையைத் தவிர்க்கும். நகரை, முரல், காரல், சாளை, கணவாய், நண்டு ஆகியவை இந்த நாட்களில் கிடைக்கும். பெரிய மீனைத் தேடாமல் கரையில் என்ன இறங்குகிறதோ அதைக் கொண்டு குழம்பு வைக்கப் பழகிக்கொண்டால் செலவு பாதியாகக் குறையும். காரலைச் சொதியாக வைத்தால் வெயில் நேரத்தில் வயிற்றுக்கு இதமாக இருக்கும். தேங்காய்ப்பால் இறுதியில் சேர வேண்டும், சேர்த்தபின் கொதிக்கவிடக் கூடாது.

இரண்டாவது, கண்மாய் மீன். தடைக்காலமும் கண்மாய்கள் வற்றும் காலமும் இந்த மாவட்டத்தில் ஒன்றாகவே வருவது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. வற்றும் கண்மாயில் பிடித்த விராலும் கெளுத்தியும் சந்தைக்கு வரும். சேற்று வாடை போக, கல்லுப்பும் புளித்தண்ணீரும் விட்டு மூன்று முறை உரசிக் கழுவுங்கள்.

மூன்றாவது, மேற்குக் கரையிலிருந்து வரும் ஐஸ் மீன். அங்கே தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பக்கத்து மீன் இங்கே வந்து சேர்கிறது. இதில்தான் மிகுந்த கவனம் தேவை. கண் துருத்திப் பளிச்சென்று இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, வயிற்றை அழுத்தினால் பள்ளம் விழாமல் மேலெழும்புகிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத நண்பகலில், வீட்டிற்கு விருந்தினர் வந்துவிட்ட அவசரத்தில், ஐஸ் உருகிப்போன பெட்டியிலிருந்து சூரை மீன் வாங்கி வந்தேன். நாற்றம் எதுவும் இல்லை. நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் பரிமாறினேன். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் என் நாத்தனார் மகனுக்கு முகமும் கழுத்தும் சிவந்து தடித்து, தலைவலியும் வாந்தியும் வந்துவிட்டன. சூரை, சாளை, அயிலை போன்ற மீன்கள் குளிர்ச்சியில்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிறது என்றும், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழிவதில்லை என்றும் மருத்துவர் விளக்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து இந்த மூன்று மீன்களையும் காலை எட்டு மணிக்குப் பிறகு நான் வாங்குவதில்லை. மீன் வாங்கப் போகும்போது மூடியுள்ள பாத்திரமும் உடைத்த ஐஸும் கொண்டு போங்கள். வீட்டிற்கு வந்தவுடன் குடல் நீக்கிக் கழுவிவிடுங்கள்.

நான்காவது வழி கருவாடு. கோடையில் கடலோர வீட்டின் உண்மையான கையிருப்பு அதுதான். நெத்திலி, சாளை, வாளை, திருக்கை, சீலா ஆகிய கருவாடுகளில் நெத்திலியும் திருக்கையும் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். தடை தொடங்குவதற்கு முன்பே, அதாவது பங்குனியில், இரண்டு மாதத்திற்கு வேண்டியதை வாங்கிவிடுங்கள். மணலில் பரப்பிக் காயவைத்ததைவிட வலையிலோ பரணிலோ காயவைத்தது மேல். மணல் ஒட்டிய கருவாட்டை எத்தனை முறை அலசினாலும் பல்லில் நறநறக்கும். நல்ல கருவாட்டை வளைத்தால் விறைப்பாக நிற்கும். ஆங்காங்கே இளஞ்சிவப்பு நிறம் படர்ந்திருந்தால் அது உப்பில் வளரும் நுண்ணுயிரின் வேலை, வாங்கக் கூடாது. வீட்டிற்குக் கொண்டு வந்ததும் ஒரு நாள் முழு வெயிலில் போட்டு, பிறகு ஓலைப்பெட்டியிலோ காகிதத்தில் சுற்றி டப்பாவிலோ வையுங்கள். ஒரு முறை நான் ஈரத்தைக் கவனிக்காமல் பாலித்தீன் பையில் கட்டி வைத்த இரண்டு கிலோ வாளை, பத்தே நாளில் புழு வைத்துவிட்டது. சமைப்பதற்கு முன் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவினால் உப்பு குறையும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதுவும் போதாது, அவர்கள் கருவாட்டைத் தவிர்ப்பதே நல்லது.

அன்றாடம் வாங்குபவை

கோடையில் இந்தப் பக்கத்தில் கீரை அரிதாகவும் விலை கூடியும் இருக்கும். முருங்கைக்காய், சுரைக்காய், புடலை, பூசணி, வெள்ளரி ஆகிய நீர்க்காய்களைக் கொண்டே வாரத்தை ஓட்டலாம். இரண்டு நாளுக்கு ஒரு முறை, வெயில் ஏறுமுன் வாங்கி வந்து, ஈரத்துணியில் சுற்றித் தரையில் வைத்தால் குளிர்பெட்டி இல்லாமலேயே இருக்கும். வெண்டையும் கத்தரியும் அன்றன்றைக்கே சமைக்க வேண்டியவை.

நுங்கை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பனை நிறைந்த இந்த மாவட்டத்திலேயே பலர் அதைப் பார்த்து வாங்கத் தெரியாமல் ஏமாறுகிறார்கள். பாலித்தீன் பையில் உரித்துப் போட்டு வைத்திருக்கும் சுளைகளை வாங்காதீர்கள். காயோடு வைத்திருப்பவரிடம் போய், உங்கள் கண்ணெதிரே சீவச் சொல்லுங்கள். அரிவாளின் ஒரு வெட்டில் தலை பறந்ததும் பெரும்பாலும் மூன்று கண்கள் தெரியும். கட்டைவிரல் நுனியால் ஒரு கண்ணை அழுத்துங்கள். விரல் தயங்காமல் இறங்கி, உள்ளிருந்து நீர் முகத்தில் தெறித்தால் அது இளநுங்கு. விரல் நின்றுவிட்டால், சதை வெள்ளையாகத் தடித்திருந்தால் அது முற்றல். அதைத் தின்றால் பிள்ளைகளுக்கு வயிறு வலிக்கும். சதையின் மேலுள்ள மெல்லிய பழுப்புத் தோல் துவர்க்கும் என்று பலர் உரித்து எறிகிறார்கள். எங்கள் மாமியார் அதோடு சேர்த்துத் தின்னச் சொல்வார்கள், வேர்க்குரு வராது என்பது அவர்கள் நம்பிக்கை.

பதநீரைக் காலை எட்டு மணிக்குள் வாங்கிக் குடித்துவிட வேண்டும். கலயத்தில் தடவிய சுண்ணாம்புதான் அதைப் புளிக்காமல் காக்கிறது. வெயில் ஏறியபின் நுரைத்துப் புளிப்புத் தட்டினால் விட்டுவிடுங்கள். அதில் சர்க்கரைச் சத்து கணிசமாக உண்டு என்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறக்கக் கூடாது. கருப்பட்டியை வைகாசி, ஆனியில் வாங்குங்கள். உடைத்த இடத்தில் சீனிப் படிகம் போல் மின்னினால் அது கலப்படமாக இருக்கக்கூடும். கடற்காற்றில் கசியும் பொருள் என்பதால் ஓலைக்கொட்டானோடு அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைப்பது வழக்கம்.

தர்ப்பூசணியை முழுதாக வாங்குங்கள். தரையில் கிடந்த பக்கம் மஞ்சளாக இருந்தால் பழுத்தது. சாலையோரத்தில் கீறி வைத்த துண்டு வேண்டாம். மாம்பழத்தைச் சற்றுக் காயாகவே வாங்கி வைக்கோலில் பழுக்கவைத்தால் கார்பைடு கல் பற்றிய அச்சமின்றிச் சாப்பிடலாம்.

ஒரு நாளின் உணவு

அக்னி நட்சத்திர நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும் மட்டுமே எரியும். காலை உணவு பழைய சோறு. புழுங்கலரிசிச் சோற்றை இரவு நன்றாக ஆறவைத்த பிறகே மண்சட்டியில் போட்டு, மூழ்கும் அளவிற்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். மூடிய பாத்திரத்தில் சூடாகவே விட்ட சோறு கோடையில் கெட்டுவிடும். எட்டு மணி நேரம் ஊறினால் போதும். நீராகாரத்தை முதலில் தெளித்தெடுத்து உப்புப் போட்டுக் குடித்துவிட்டு, சோற்றை மோர் விட்டுப் பிசைந்து சின்ன வெங்காயமும் சுட்ட கருவாடும் வைத்துச் சாப்பிட்டால் மதியம் ஒரு மணி வரை பசி தெரியாது. காலை ஒன்பது மணிக்கு மேல் மீதமிருந்தால் மாட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

முற்பகலில் கம்பங்கூழோ கேப்பைக்கூழோ மோரோ ஏதேனும் ஒன்று. மதியம் ஒரு குழம்பு, ஒரு நீர்க்காய்க் கூட்டு, மோர். எண்ணெயில் பொரித்ததையும் கறியையும் இரவுக்கு மாற்றியபின் பிள்ளைகளுக்கு வயிற்றுக் கோளாறு வெகுவாகக் குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். பழைய சோற்றைத் தவிர, சமைத்த உணவு ஒரு மணி நேரத்திற்கு மேல் குளிர்பெட்டிக்கு வெளியில் இருக்க வேண்டாம். மின்சாரம் அடிக்கடி போகும் நாளில் குளிர்பெட்டியை நம்பி மீன் குழம்பை எடுத்து வைக்காதீர்கள். வெயிலில் அலைந்து திரும்பியவருக்கு வயிற்றுப்போக்கும் இருந்தால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறுகச் சிறுகக் குடிக்கக் கொடுங்கள். அளவு கூடினால் தீங்கு.

வற்றல் போடும் வாரம்

அக்னி நட்சத்திரத்தின் இரண்டாவது வாரத்தை நான் வற்றலுக்கென்றே ஒதுக்குகிறேன். மோர் மிளகாய்க்குப் பச்சை மிளகாயைக் காம்போடு விட்டு, நுனியில் கீறி, உப்புப் போட்ட கெட்டி மோரில் ஊறவையுங்கள். பகலில் எடுத்துக் காயவைத்து, மாலையில் மறுபடியும் அதே மோரில் போட்டு, மோர் முழுவதும் வற்றும் வரை நான்கு நாள் செய்ய வேண்டும். கொத்தவரங்காயை உப்பு நீரில் அரை வேக்காடாக எடுத்துக் காயவைக்கலாம். மாங்காயைத் துண்டு போட்டு உப்பில் பிசறிக் காயவைத்த வற்றல்தான் எங்கள் வீட்டில் முதலில் தீர்வது, ஏனென்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் படகுகள் கரையிலேயே கிடக்கும்போது கருவாட்டுக் குழம்புக்குப் புளிப்புச் சேர்ப்பது அதுதான். கடற்காற்றில் மணல் பறக்கும் என்பதால் மேலே மெல்லிய வேட்டித் துணியைப் போர்த்துங்கள். மாலை ஐந்து மணிக்கே உள்ளே எடுத்துவிடுங்கள், இருட்டும் வரை விட்டால் பகலில் காய்ந்தது மறுபடியும் ஈரம் இழுத்துக்கொள்ளும்.

ஜூன் 15க்குப் பிறகு

தடை முடிந்து படகுகள் திரும்பும் முதல் சில நாட்களில் இறால் வரத்து நன்றாக இருக்கும். ஏற்றுமதிக்குப் போகாத சிறிய இறால் உள்ளூர்ச் சந்தைக்கு வரும். முதல் நாளே முண்டியடித்து வாங்காமல் இரண்டு மூன்று நடை பொறுத்திருந்தால் விலை படியும். அப்போது மீதமுள்ள கருவாட்டை ஒரு முறை வெயிலில் போட்டெடுத்து, மிளகாய்த்தூள் டப்பாக்களின் மூடியைத் திறந்து மணம் பார்த்து, புளிச்சாடியின் துணியை மாற்றிக் கட்டிவிடுங்கள். அந்தச் சிறிய இறாலைத் தோல் உரித்து, கையிருப்பில் உள்ள முருங்கைக்காயோடு புதுக் குழம்புத்தூள் போட்டு வைத்தால், அந்த ஆண்டு மிளகாய் எப்படி அமைந்திருக்கிறது என்பது முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும்.